கட்டியைப் பட்டினி போடலாமா?

“சாப்பாட்டைக் குறைத்தால் புற்றுநோய்க் கட்டி பட்டினியிலேயே செத்துப்போகுமாமே, உண்மையா?” வானொலியில் உடல்நலம் பற்றிப் பேசும் நாள்களில் நேயர்களிடமிருந்து எனக்குத் தவறாமல் வரும் கேள்வி இது. புலனத்தில் வலம் வரும் தகவல்களில் பாதி உண்மை இருக்கும். ஆபத்தே அந்தப் பாதியில்தான்.

முதலில் உண்மையைப் பார்ப்போம். பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் ஒரு கருத்தைச் சொன்னார். தனக்கென இரத்தக் குழாய்கள் கிடைக்காவிட்டால் ஒரு கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளர முடியாது. அந்தக் குழாய்களைத் தடுத்தால் கட்டியையும் தடுக்கலாம் என்றார். அன்று பலர் அதை நம்பவில்லை. ஆனால் 2004-இல், அதே வழியில் வேலை செய்யும் பெவாசிசுமாப் என்ற மருந்துக்கு, பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோயாளிகளுக்காக அமெரிக்கா ஒப்புதல் தந்தது.

கட்டி எப்படிக் குழாய் வரவழைக்கிறது? அனுமதி வாங்காமல் எழும்பிய ஒரு தாமானை நினைத்துக்கொள்ளுங்கள். வீடுகள் பெருகுகின்றன, தண்ணீர் போதவில்லை. உடனே பக்கத்துக் குழாயிலிருந்து கள்ள இணைப்பு எடுக்கிறார்கள். கட்டியும் அப்படித்தான். பிராணவாயு குறைந்ததும் வி.இ.ஜி.எஃப் என்ற புரதத்தை வெளியே அனுப்புகிறது. அருகிலுள்ள இரத்தக் குழாய் அதைக் கேட்டுக் கிளை விடுகிறது. காயம் ஆறும்போதும் உடல் இதே முறையில்தான் குழாய் வளர்க்கிறது. காயம் ஆறியதும் அது நின்றுவிடும்; கட்டியில் நிற்பதில்லை.

ஏன் நிற்பதில்லை? காரணங்கள் பல. அவற்றில் ஒன்று மைக்ரோ ஆர்என்ஏ. சுமார் 22 எழுத்துகளே நீளமுள்ள மரபுத் துணுக்கு இது. விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவரும் 1 மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டறிந்து 1993-இல் வெளியிட்டார்கள். 2024-இல் நோபெல் பரிசு பெற்றார்கள். எங்கள் ஒலிபரப்பு அறையில் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு விசை உண்டு, ஏற்றலாம், இறக்கலாம். மைக்ரோ ஆர்என்ஏ பெரும்பாலும் இறக்கும் விரல். ஒரு மரபணு ‘இந்தப் புரதத்தைச் செய்’ என்று அனுப்பும் தகவலின் ஒலியை அது குறைத்துவிடுகிறது.

எந்த ஒலியைக் குறைக்கிறது என்பதில்தான் விஷயம். மைக்ரோ ஆர்என்ஏ 132 என்பது, குழாய் வளர்ச்சிக்குத் தடைபோடும் ஒரு புரதத்தைக் குறைக்கிறது. அமைதியாக இருக்கும் குழாய்களில் அதைக் காண்பது அரிது. கட்டியின் குழாய்களில் ஏராளம். அதை முடக்கியபோது எலிகளின் கட்டிகளில் குழாய் வளர்ச்சி குறைந்ததாக 2010-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 126 என்ற இன்னொன்றோ நல்ல குழாய்களுக்கே தேவை. அது இல்லாத எலிக் கருக்களில் இரத்தக் குழாய்கள் கசிந்தன. ஆக, எல்லாவற்றையும் ஒரேயடியாக முடக்கிவிட முடியாது.

அதனால்தான் மருந்து எளிதாக வரவில்லை. வேறொரு மைக்ரோ ஆர்என்ஏவைப் போலச் செய்யப்பட்ட புற்றுநோய் மருந்தின் மனிதச் சோதனை, கடுமையான பக்கவிளைவுகளால் 2016-இல் நிறுத்தப்பட்டது. ஆய்வுகள் தொடர்கின்றன.

இப்போது கேள்விக்கு வருவோம். மருத்துவர்கள் ‘பட்டினி போடுவது’ என்று சொன்னால், அது கட்டிக்குப் போகும் குழாயைத் தடுப்பது. நோயாளியின் தட்டைக் காலி செய்வது அல்ல. நாம் சாப்பிடாவிட்டால் உடல் தன் தசையையும் கொழுப்பையும் கரைத்து இரத்தத்தில் சத்தைச் சேர்க்கும். கள்ளக் குழாய் போட்ட கட்டிக்கு அதிலும் பங்கு கிடைக்கும். மெலிந்து போவது நோயாளிதான். உடல் தளர்ந்தால் சிகிச்சையைத் தாங்குவதும் கடினமாகும்.

வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடக்கிறதா? உணவில் எதை நிறுத்துவதானாலும் முதலில் மருத்துவரையும் உணவியல் நிபுணரையும் கேளுங்கள். புலனத்தில் வந்த செய்தியையும் தயங்காமல் அவர்களிடம் காட்டுங்கள். அதுவரை, அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள்.