கடைசிச் சைக்கிளுக்கு யார் பொறுப்பு?

ஞாயிறு விடிய யாழ்ப்பாணத்து வீதிகளில் சைக்கிள் கூட்டங்களைக் காண்பது இப்போது புதினமில்லை. 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது கொட்டிலுக்குள் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. வரிசை முடிந்த பிறகும் சில பேர் அதைத் திருப்பி உள்ளே வைக்கவில்லை. இப்போது பீடத்து நண்பர்கள், ஊர் விளையாட்டுக் கழகங்கள், வாசிப்பு வட்டங்கள் என்று எல்லாரும் "ஒரு ரைட் போவமா?" என்று கேட்கிறார்கள். நல்ல விசயம். ஆனால் இந்தப் பயணங்களில் பெரும்பாலும் முன்னால் ஓட ஒருத்தர் இருப்பார், பின்னால் வர ஆள் இருக்காது. எங்களுக்கு இருக்கிற பிரச்சினை அதுதான்.

இதைச் சொன்னால் வீட்டில் பெரியாக்கள் சிரிப்பார்கள். "நாங்கள் தொண்ணூறுகளில பின்கரியரில அரிசி மூட்டையும் முன்பாரில பிள்ளையுமா ஓடினனாங்கள். உங்களுக்கு விசிலும் லீடரும் வேணுமோ?" என்று கேட்பார்கள். அவர்கள் ஓடியது உண்மை. பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத அந்தக் காலத்தில் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. அப்போது வீதியில் அவர்களுக்குப் போட்டியாக மோட்டார் வாகனம் குறைவு. இன்று அதே வீதியில் ரிப்பரும் மினிபஸ்ஸும் முந்தி ஓடுகின்றன. தனியாக வேலைக்குப் போகிறவர் தன் கவனத்தோடு போய்ச் சேருவார். கூட்டமாகப் போகும்போது ஒருத்தர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிற நாலு பேர் விழுவார்கள். கூட்டத்துக்கு ஒழுங்கு வேண்டியது அதனால்தான்.

முதலில் வேகத்தைப் பற்றிப் பேசுவோம். 30 கிலோமீற்றர் பயணம் ஒன்றில் மணிக்கு 15 கிலோமீற்றரில் போகிறவருக்கு இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். 12இல் போகிறவருக்கு இரண்டரை. மொத்த வித்தியாசமே அரை மணித்தியாலம்தான். அந்த அரை மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கிறதுக்காகத்தான் கடைசியாக வருகிற பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் போகிறோம்.

ஓய்விலும் இதே அநியாயம் நடக்கும். முன்னால் போனவர்கள் தேத்தண்ணிக் கடையில் பத்து நிமிசம் இருந்து, தண்ணி குடித்து, படமும் எடுத்து முடித்திருப்பார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்கியபடி வந்து காலை ஊன்றும்போது, "சரி, எல்லாரும் வந்தாச்சு, வெளிக்கிடுவம்" என்று குரல் வரும். ஆகக் களைத்தவருக்கு ஆகக் குறைந்த ஓய்வு. இதைத் திருத்தக் காசு தேவையில்லை, ஒரு விதி போதும்: கடைசி ஆள் வந்து இறங்கின நேரத்திலிருந்துதான் ஓய்வைக் கணக்குப் பார்க்க வேண்டும். மெதுவாக ஓடுகிறவர்களை வரிசையின் கடைசியில் விடாமல் முன்னால் போகிறவருக்கு அடுத்ததாக ஓட விட்டால் இன்னும் நல்லது. அப்போது முழுக் கூட்டத்தின் வேகமும் தானாகவே அவர்களின் வேகத்துக்கு வந்துவிடும்.

அடுத்தது எண்ணிக்கை. 30 பேர் சேர்ந்தால் படம் வடிவாக வரும். ஆனால் ஒரு சைக்கிளுக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒரு சைக்கிள் நீளம் விட்டு ஒற்றை வரிசையில் ஓடினால் அந்த வரிசை 100 மீற்றரைத் தாண்டும். எங்கள் ஒடுங்கிய வீதிகளில் ஒரு பஸ் அவ்வளவு நீளத்தை ஒரே மூச்சில் முந்த முடியாது. எதிரே வாகனம் வந்தால் பஸ் இடப்பக்கம் ஒதுங்கும், அங்கே நாங்கள்தான் நிற்போம். பத்துப் பேர் கொண்ட மூன்று கூட்டமாகப் பிரிந்து, கூட்டங்களுக்கிடையே நல்ல இடைவெளி விட்டால் பஸ் ஒவ்வொன்றாக முந்தி இடையில் புகுந்துவிடும். சோடியாகக் கதைத்துக்கொண்டு ஓடுகிற ஆசையைக் கடற்கரைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அடக்கி வைக்கலாம்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்று பேர் தேவை. முன்னால் வழி தெரிந்த ஒருத்தர். பின்னால், யாரையும் தனக்குப் பின்னால் விடாத ஒருத்தர். மூன்றாமவர் திரும்புகிற ஒவ்வொரு சந்தியிலும் ஓரமாக நின்று, கடைசி ஆள் வரும்வரை வழி காட்டுகிறவர். இந்த மூன்றாவது வேலையை மாறி மாறிச் செய்யலாம். எங்கள் கருத்து, கூட்டத்தில் ஆக நல்லா ஓடுகிறவர் பின்னால்தான் வர வேண்டும். காத்துப் போன ரியூப்பைக் கழற்றத் தெரிந்தவரும், களைத்தவரோடு நின்றுவிட்டுப் பிறகு ஓடிப் பிடிக்கக்கூடியவரும் அவர்தான். பம்பியும், மேலதிக ரியூப்பும், ஒட்டுப்போடுகிற சாமானும், ஸ்பனரும் அவருடைய பையில் இருக்க வேண்டும். ஞாயிறு விடிய ஆறு மணிக்கு எந்தச் சைக்கிள் கடையும் திறந்திருக்காது.

வழியை முன்கூட்டியே ஒருக்கா ஓடிப் பார்க்காமல் யாரையும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. எந்தச் சந்தியில் சந்தைச் சனம் நிற்கும், எந்த மதகடியில் குழி இருக்கிறது என்பதைத் தொலைபேசி வரைபடம் சொல்லாது. 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015இல் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்த பிறகு தண்டவாளக் கடவைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். சரிவாகக் கடந்தால் ரயர் தண்டவாள இடுக்குக்குள் மாட்டும், மழை ஈரம் என்றால் வழுக்கும். நேர்குத்தாகக் கடக்க வேண்டும், சந்தேகம் என்றால் இறங்கி உருட்டலாம். ஒருத்தர் கடந்துவிட்டார் என்பதற்காகப் பின்னால் வருகிறவர்கள் பார்க்காமல் கடப்பதுதான் ஆகப் பெரிய ஆபத்து.

காற்றையும் மறக்கக் கூடாது. சோளகக் காலத்தில் பண்ணைத் தாம்போதியால் தீவுப் பக்கம் போனால் காற்று முகத்தில் அடிக்கும். இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மர நிழல் இல்லை. வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும், ஆனால் அதற்குள் வெயில் ஏறிவிடும். ஆகவே வெளிக்கிடுகிற நேரம் விடிய ஐந்தரை என்றால் ஐந்தரைதான். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணி கட்டாயம். தலையிடி, சத்தி, கதை தடுமாறுதல் என்று யாருக்காவது தொடங்கினால் அவருக்குப் பயணம் அதோடு முடிந்தது. நிழலுக்குள் இருத்தி உடம்பை நனைத்து ஆற வைத்து, உதவிக்கு ஆள் எடுக்க வேண்டும். "இன்னும் கொஞ்சத் தூரம்தான்" என்று உசுப்பேத்துகிற இடம் அதில்லை.

வெளிக்கிட முதல் ஐந்து நிமிசம் ஒதுக்கினால் பாதிச் சிக்கல் முடியும். காத்து, பிரேக், செயின், ஆடுகிற மட்கார்ட் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தொங்குகிற சோல் சில்லுக்குள் போகாமல் கட்டியிருக்கா, அகலமான கால்சட்டை செயினில் மாட்டாதா என்றும் கேட்க வேண்டும். கியர் சைக்கிளா பழைய லுமாலாவா என்பது பிரச்சினையில்லை, பிரேக் பிடிக்குதா என்பதுதான் கேள்வி. பிடிக்காத சைக்கிளோடு வந்தவரை, அவர் சீனியர் என்றாலும், "அண்ணை, இண்டைக்கு வேண்டாம்" என்று சொல்லுகிற துணிவு நடத்துகிறவருக்கு வேண்டும். இது எங்கள் கம்பஸ் பழக்கத்துக்குக் கொஞ்சம் கஸ்டம்தான்.

இனிப் பெண்பிள்ளைகள். "நாங்கள் எல்லாரையும்தானே கூப்பிட்டனாங்கள், அவையள் வரேல்லை" என்று சொல்லுவது சுலபம். ஒன்பதரைக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்த ஒருத்தி பதினொன்றரைக்குப் போய் இறங்கினால் அடுத்த கிழமை அவளுக்கு அனுமதி கிடைக்காது. அவளுடைய தங்கைக்கும் கிடைக்காது. பிந்துவது ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பகிடி, பெண்பிள்ளைகளுக்கு ஒரு கதவு மூடுகிற விசயம். ஆகவே வழி, தூரம், நிற்கிற இடங்கள், திரும்புகிற நேரம் எல்லாம் முதல் நாளே எழுத்தில் போக வேண்டும். நேரம் பிந்துமென்றால் போகிற தூரத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டும். நிற்கிற இடத்தில் போகக்கூடிய மலசலகூடம் இருக்கா என்றும் பார்க்க வேண்டும். இதைக் கேட்க ஒருத்திக்குக் கூச்சமாக இருக்கலாம், நடத்துகிறவர் கேட்காமலே பார்த்து வைக்க வேண்டும்.

யாராவது விழுந்துவிட்டால் என்ன செய்கிறது என்பதும் வெளிக்கிட முதலே பேச வேண்டியது. எல்லாரும் ஓடிப்போய்ச் சுற்றி நின்றால் வீதியில் இன்னும் பத்துப் பேர் ஆபத்தில் நிற்பார்கள். ஒருத்தர் காயப்பட்டவரோடு, ஒருத்தர் பின்னால் போய் வாகனங்களுக்குக் கை காட்ட, ஒருத்தர் 1990க்கு அழைக்க, மற்ற எல்லாரும் வீதியை விட்டு ஓரத்துக்கு. தலையோ கழுத்தோ அடிபட்டிருந்தால் தூக்கி ஓட்டோவில் போடக் கூடாது. அம்புலன்சுக்கு இடம் சொல்லக் கிட்ட இருக்கிற கோயிலோ பள்ளிக்கூடமோ தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு விதியும் போட்டால் சந்தோசம் எங்கே என்று சிலர் கேட்கிறார்கள். சைக்கிளை எடுக்கிறதே யாரும் கட்டளை போடாமல் இருக்கத்தானே என்கிறார்கள். அந்த உணர்வு எங்களுக்கும் விளங்குகிறது. வரிசையும் விசிலும் இந்த மண்ணில் வேறு ஞாபகங்களைக் கொண்டு வரும். அதனால்தான் அதட்டுகிற லீடர் எங்களுக்கும் வேண்டாம். முன்னால் போகிறவர் "குழி!" என்று கத்த, அது வாய் மாறிக் கடைசி வரை போய்ச் சேருவது அதிகாரம் இல்லை, அக்கறை. பயமில்லாமல் ஓடினால்தான் ஒரு புதிய ஆள் கடலைப் பார்ப்பார், இல்லையென்றால் முன்னால் போகிற சில்லை மட்டும்தான் பார்த்துக்கொண்டு வருவார்.

ஆகவே, அடுத்த முறை யாராவது "ரைட் போவமா?" என்று கேட்டால் நீங்கள் திருப்பி மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை கிலோமீற்றர்? எத்தனை மணிக்குத் திரும்புவோம்? பின்னால் வாறது ஆர்? மூன்றாவதுக்குப் பேர் சொல்லிப் பதில் வந்தால் தயங்காமல் போங்கள். வராவிட்டால், கொஞ்சம் நல்லா ஓடக்கூடியவராக நீங்கள் இருந்தால், அந்த இடத்தை நீங்களே எடுங்கள்.