272 படிகளுக்கு முன்னே

பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் கூட்டங்களில் எழுதப்படாத நெறி ஒன்று உண்டு. விரைந்து நடக்க வல்லவர்கள் முன்னே சென்றாலும், அடுத்த மரநிழலில் அமர்ந்து, பின்தங்கியவர்கள் வந்து சேரும்வரை காத்திருப்பார்கள். மெல்ல நடப்பவரின் வேகமே அந்தக் கூட்டத்தின் வேகம். கடல் கடந்து மலேசியாவின் பத்துமலை முருகனைத் தரிசிக்கச் செல்லும் குடும்பங்கள், விமானத்தைவிட்டு இறங்கியதும் நினைவில் கொள்ள வேண்டிய நெறியும் இதுவே.

கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம் நகருக்குள் இல்லை. 1998-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்நிலையம், நகரின் மையத்துக்குத் தெற்கே, ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் சிப்பாங் என்னும் இடத்தில் உள்ளது. சென்னையிலிருந்து விமானப் பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. நள்ளிரவுக்குச் சற்றுப் பின் சென்னையில் புறப்படும் குடும்பம் அங்கே இறங்கும்போது காலை ஏழு மணி இருக்கும். உடலுக்கோ அப்போது விடியற்காலை நாலரை மணிதான். உறக்கமற்ற அந்த வேளையில், மூட்டுவலியுள்ள பாட்டியையும் சிணுங்கும் குழந்தையையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டுதான், நகருக்குள் எப்படிச் செல்வது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

வழிகள் மூன்று: விரைவு ரயில், பேருந்து, வாடகைக் கார்.

முதலாவது, கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ். முதலாம் முனையத்திலிருந்து கே.எல். சென்ட்ரல் நிலையத்துக்கு இடையில் நிற்காமல் 28 நிமிடங்களில் சென்றுவிடும். ஏர் ஏசியா விமானங்கள் வந்திறங்கும் இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடங்கள் ஆகும். சாலை நெரிசல் அதைத் தீண்டுவதில்லை. பெரியவர் ஒருவருக்கான கட்டணம் 55 ரிங்கிட். கைப்பையோடு தனியே செல்பவருக்கும், இளம் தம்பதிக்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

ஆயினும் அந்த 28 நிமிடங்கள் ரயிலுக்குரியவை, பயணிக்குரியவை அல்ல. கே.எல். சென்ட்ரல் மிகப் பெரிய சந்திப்பு நிலையம். அங்கே இறங்கியபின் வேறு தடத்துக்கு மாற வேண்டுமானால் நகரும் படிகளில் ஏறியிறங்க வேண்டும். மோனோ ரயிலைப் பிடிக்க, பக்கத்திலுள்ள வணிக வளாகத்தின் ஊடே நடக்க வேண்டும். தங்குமிடம் நிலையத்தை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் இருந்தால் கவலையில்லை. தமிழர் கடைகளும் கோயில்களும் நிறைந்த அப்பகுதிக்கு நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். வேறெங்கோ தங்குபவர்கள், பெட்டிகளுடன் இன்னொரு வாகனம் தேட வேண்டியவர்களே.

கட்டணத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் அறுவர் எக்ஸ்பிரஸில் சென்றால் 330 ரிங்கிட். கைப்பேசிச் செயலி வழியே அழைக்கும் ஆறு இருக்கை வண்டி, பொதுவாக இதில் பாதிக்கும் குறைவான தொகையில் தங்குமிடத்தின் வாசலிலேயே இறக்கிவிடும். செயலியில் காட்டப்படும் தொகையோடு சுங்கச்சாவடிக் கட்டணம் சேரும் என்பதையும், பெட்டிகள் மிகுந்தால் ஆறு பேருக்கு அந்த வண்டியும் போதாமற்போகும் என்பதையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்வது நலம். செயலிக்கு இணைய இணைப்பு தேவை. அது இல்லாதவர்கள், நிலையத்துக்குள் உள்ள டாக்ஸி முகப்பில் பணம் செலுத்திச் சீட்டுப் பெற்றுக்கொள்ளலாம். வருகைக் கூடத்தில் தாமாக வந்து பேச்சுக் கொடுத்து அழைப்பவர்களின் பின்னே செல்வது தகாது. நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை மீட்டர் டாக்ஸிக்குப் பாதிக் கட்டணம் கூடுதல்.

பேருந்து, செலவில் மிகச் சிறியது. கே.எல். சென்ட்ரல் வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம். காலை நெரிசலில் மேலும் ஆகலாம். சிக்கனமாகச் செல்லும் யாத்ரீகர்களுக்கு ஏற்றது. பெட்டிகளை அடியில் வைத்துவிட்டு, ஏறிய இருக்கையிலேயே உறங்கிக்கொண்டு போகலாம்.

இன்னொரு கணக்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தங்கும் விடுதிகள் பெரும்பாலும் பிற்பகலில்தான் அறையைத் தரும். காலை எட்டு மணிக்குப் பறந்தோடிச் சென்று சேர்ந்தாலும், பெட்டியை ஒப்படைத்துவிட்டு வரவேற்பறையில் அமர்ந்திருக்க வேண்டியதே. ஆகவே அரை மணி நேரம் முந்திச் செல்வதற்காக முதியவர்களை மூன்று வாகனம் மாற்றி அலைக்கழிப்பதில் பொருளில்லை. விமான நிலையத்திலேயே முகம் கழுவி, சிற்றுண்டி முடித்து, சற்று இளைப்பாறிப் புறப்படுவது நன்று.

ஆனால் தைப்பூசக் காலத்தில் இந்தக் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும். 1873-இல் நிறுவப்பெற்ற ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் கோலாலம்பூரின் நடுவே இருக்கிறது. அங்கிருந்து வெள்ளி ரதம் இரவில் புறப்பட்டு, மக்கள் வெள்ளத்தில் மிதந்து பத்துமலையை அடையும். ரதம் செல்லும் சாலைகளிலும் பத்துமலையைச் சூழ்ந்த சாலைகளிலும் வாகனங்கள் திருப்பிவிடப்படும். அந்நாளில் கார் எத்துணை வசதியானதாயினும் வழியில் நின்றுவிடும். தண்டவாளமே அப்போது துணை. கே.எல். சென்ட்ரலிலிருந்து கே.டி.எம். கொம்யூட்டர் ரயில் பத்துமலைக்கே செல்கிறது. கட்டணம் மிகக் குறைவு. நிலையம் கோயில் வளாகத்தின் அருகிலேயே உள்ளது. சாதாரண நாள்களில் அந்த ரயில் அடிக்கடி வருவதில்லையாதலால் நேரத்தை அறிந்து செல்ல வேண்டும். மாரியம்மன் ஆலயத்துக்குச் செல்வோர், கே.எல். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி. ரயிலில் அடுத்த நிலையமான பசார் செனியில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் போதும்.

ஆகவே ஊரிலேயே, புறப்படுவதற்கு முன்பே, குடும்பத்தார் கூடி அமர்ந்து நான்கு செய்திகளை முடிவு செய்துகொள்ளலாம். விமானம் இறங்கும் நேரம் எது? எந்த முனையம்? எத்தனை பேர், எத்தனை பெட்டிகள்? நம்முள் நடக்க இயலாதவர் யார்? கடைசிக் கேள்விக்கான விடை மற்ற மூன்றையும் ஆள வேண்டும். செலவைப் பகிர்ந்துகொள்ளலாம், களைப்பைப் பகிர்ந்துகொள்ள முடியாது.

பத்துமலை அடிவாரத்தில் 42.7 மீட்டர் உயரத்தில் பொன்னிறமாக நிற்கிறான் வேலவன். அவனருகே தொடங்கும் 272 படிகள்தாம் குகைக்கோயிலுக்கு வழி. எத்தனையோ ஆண்டுகள் வேண்டிக்கொண்டு வந்த மூதாட்டி, ‘நீங்கள் போய் வாருங்கள், நான் கீழேயே கும்பிட்டுக்கொள்கிறேன்’ என்று சொல்ல நேர்வது முதுமையால் மட்டுமன்று. முதல் நாள் காலையில் வீணான வலிமையும் அதற்குக் காரணமாகலாம். அந்தப் படிகளுக்கென அவரது கால்களில் மீதி வைத்திருக்கும் சிறு வலிமையே, உடன் செல்பவர்கள் முருகனுக்குச் செலுத்தும் முதல் காணிக்கை.