பார்த்துச் சொல்வதற்கும் கூலி உண்டு

மடிக்கணினியின் திரை இருண்டுவிட்டால், கடையில் நாம் கேட்கும் முதல் பதில் பெரும்பாலும் 'பேனல் போய்விட்டது, மாற்ற வேண்டும்' என்பதே. கணினியைத் திறந்து பார்க்கும் முன்பே இந்தத் தீர்ப்பு வந்துவிடுவதும் உண்டு. பிள்ளையின் படிப்புக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய கணினி என்றால், அந்த ஒரு சொல்லில் குடும்பத்தின் மாதக் கணக்கே தடுமாறிவிடும்.

படத்தை உருவாக்கும் மதர்போர்டு, அதைக் கொண்டு செல்லும் கேபிள், காட்டும் பேனல், பின்னிருந்து ஒளி தரும் விளக்கு ஆகிய எதில் பழுது ஏற்பட்டாலும் திரை இருளும். எது பழுதென்று ஓரளவு கண்டறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. எச்.டி.எம்.ஐ. கேபிள் மூலம் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்துப் பாருங்கள். அங்கே படம் தெளிவாக வந்தால் மதர்போர்டு பெரும்பாலும் நலமே. அங்கும் அதே கோடுகள் தெரிந்தால், புதிய பேனல் வாங்குவது வீண் செலவு. இருண்ட திரையின் மீது டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கும்போது எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால், படம் வருகிறது, ஒளிதான் இல்லை என்று பொருள். மூடியை மெல்ல அசைக்கும்போது படம் வருவதும் போவதுமாக இருந்தால், கீலின் வழியே செல்லும் கேபிளைத்தான் முதலில் ஐயுற வேண்டும். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்வது அதுதானே! பேனலின் கண்ணாடி உடைந்து, மை கசிந்தாற்போல் கறை படர்ந்திருந்தால் மட்டும் விவாதத்திற்கு இடமில்லை.

பெரிய நிறுவனங்களின் கணினிகளும் இதற்கு விலக்கல்ல. ஆப்பிள் நிறுவனம் 2016இல் வெளியிட்ட மேக்புக் புரோவில், மெல்லிய திரைக் கேபிள் தேய்ந்து, திரையின் அடியில் நாடக மேடை விளக்குகளைப் போல ஒளித்திட்டுகள் தோன்றின. கேபிள் திரையோடு சேர்ந்தே அமைந்திருந்ததால், திரைப் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. 2019 மே மாதம், அதன் 13 அங்குல மாடலுக்கு இலவசமாகப் பழுது நீக்கித் தரும் திட்டத்தை அந்நிறுவனமே அறிவித்தது. உங்கள் மாடலுக்கும் அப்படி ஏதேனும் உண்டா என்று பணம் கொடுக்கும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

ஆனால் கடைக்காரரை மட்டும் குறை கூறுவதில் நமக்கு உடன்பாடில்லை. அரை மணி நேரம் செலவிட்டு, கழன்ற கேபிளைச் சரியாகப் பொருத்தித் தருபவரிடம், 'எதையும் மாற்றவில்லையே, இதற்கா 300 ரூபாய்?' என்று பேரம் பேசுவோர் நம் சமுதாயத்தில் எத்தனை பேர்! பேனலுக்குப் பல ஆயிரம் கேட்டால் அவர்களே மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுகிறார்கள். பொருளுக்கு மட்டும்தான் காசு, கண்டறியும் அறிவுக்கு இல்லை என்றால், அவர் பொருளை விற்கத்தானே முனைவார்?

அதற்காக, நல்ல பேனலைக் கெட்டது என்று சொல்லிப் பெறும் பணம் ஹலாலான கூலியாகிவிடாது. அவரை நம்பி ஒப்படைத்த கணினி அமானிதம். அதனுள் இருக்கும் குடும்பப் படங்களும் அமானிதமே. (திரைப் பழுதைப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் கடவுச்சொல் தேவைப்படாது, கேட்டால், ஏன் என்று வினவுங்கள்.)

எனவே கணினியைக் கொடுக்கும்போதே, சோதித்துச் சொல்வதற்கான கூலியைத் தனியாகப் பேசி முடித்துவிடுங்கள். பேனலை மாற்றத்தான் வேண்டும் என்றால், பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, பின்புறத்திலுள்ள மாடல் எண்களையும் கனெக்டரையும் காட்டச் சொல்லுங்கள். 30 பின் உள்ள இடத்தில் 40 பின் பேனல் பொருந்தாது. பழைய பேனலைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் தயங்க வேண்டாம், அது உங்களுடையது.