சம்பளமில்லாத நீதவான்கள்

ஒரு ரோல்பிளே சேர்வரில் 'ஸ்டாஃப் எடுக்கிறோம்' என்று அறிவித்தல் வந்தால் எங்கட பெடியள் பெட்டையள் எவ்வளவு வேகமாக விண்ணப்பம் போடுகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? வயது, முன் அனுபவம், ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் நிற்கலாம், இரண்டு பேர் சண்டை பிடித்தால் என்ன செய்வீர்கள். வங்கி வேலைக்குப் போடுகிற விண்ணப்பத்தைக்கூட நாங்கள் இவ்வளவு கவனமாக நிரப்ப மாட்டோம். கிடைப்பது பெயருக்குப் பக்கத்தில் ஒரு நிறமும், சட்டில் ஆளை மியூட் பண்ணுகிற ஒரு பட்டனும்.

எங்கட குழுவில் நாலு பேர் இந்த வேலையைச் செய்கிறோம், அல்லது செய்துவிட்டு விலகியிருக்கிறோம். ஆகவே வெளியில் நின்று புத்தி சொல்லும் கட்டுரை இல்லை இது. எங்கட நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறோம். தமிழ் ஆக்கள் விளையாடுகிற இடத்தில் தமிழ் தெரிந்த மொடரேற்றர்கள் இருக்கத்தான் வேண்டும். அதை நாங்கள்தான் செய்ய வேண்டும். ஆனால் இப்ப செய்கிற மாதிரி, நேர எல்லை இல்லாமல், எழுத்தில் ஒன்றும் இல்லாமல், காசு யாருக்குப் போகுது என்று கேட்காமல் செய்யக்கூடாது.

விளையாடாத ஆக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஜிடிஏ 5ஐ ஃபைவ்எம் வழியாகப் போட்டு, ஒரு சேர்வரில் நூறு பேர் சேர்ந்து ஒரு ஊரை நடத்துவார்கள். ஒருவர் பொலிஸ், ஒருவர் டாக்சி ஓட்டுநர், ஒருவர் கடை வைத்திருப்பவர், பத்துப் பேர் கள்ளர். பாத்திரத்துக்குள் நின்று கதைப்பது 'ஐசி', வெளியில் வந்து கதைப்பது 'ஓஓசி'. காரணமில்லாமல் ஆளைச் சுட்டால் ஆர்டிஎம். பாத்திரத்துக்குத் தெரிய முடியாத விஷயத்தை டிஸ்கோர்டில் கேட்டுவிட்டுப் பயன்படுத்தினால் மெட்டாகேமிங். எதிராளிக்குப் பதில் செய்ய இடமே விடாமல் நடிப்பது பவர்கேமிங். வருகிற முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இதுக்குள்ள அடங்கும். வீடியோ கிளிப்பைப் பார்ப்பது, எச்சரிக்கை குடுப்பது, திரும்பச் செய்தால் மூன்று நாள் தடை. அதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

கஷ்டம் தொடங்குவது, "அது நான் சொல்லேல்ல, என்ட கரெக்டர் சொன்னது" என்ற வசனத்தில்.

இது புதுப் பிரச்சினை இல்லை. 1990இல் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பவெல் கர்ட்டிஸ் என்பவர் லாம்டாமூ என்ற உலகத்தைத் தொடங்கினார். படம் இல்லை, சத்தம் இல்லை, எல்லாம் எழுத்து. 1993இல் 'மிஸ்டர் பங்கிள்' என்ற பாத்திரம் ஒரு சின்ன நிரலைப் பயன்படுத்தி, மற்றவர்களின் பாத்திரங்கள் தாங்களாகவே செய்கிற மாதிரி, பாலியல் வன்முறைக் காட்சிகளை எல்லாருக்கும் முன்னால் ஓடவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் திரையில் வெறும் எழுத்துத்தான், ஆனால் விசைப்பலகைக்கு முன்னால் இருந்தவர்களுக்கு அழுகையும் கோபமும் உண்மையாகவே வந்தது. கூட்டம் போட்டுக் கதைத்தார்கள், முடிவு வரவில்லை. கடைசியில் 'விசார்ட்' எனப்பட்ட நிர்வாகிகளில் ஒருவர் தனியாக முடிவெடுத்து அந்தப் பாத்திரத்தை நீக்கினார். ஜூலியன் டிபல் அதே வருடம் வில்லேஜ் வொய்ஸ் பத்திரிகையில் இதை எழுதியபிறகு உலகமே இதைப் பற்றிக் கதைத்தது. எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேற ஒன்று. அந்தச் சம்பவத்துக்கு முதலே விசார்ட்கள், 'ஆக்களுக்கு இடையிலான பிணக்குகளில் இனித் தலையிட மாட்டோம்' என்று அறிவித்திருந்தார்கள். பிறகு மனுக் குடுத்து வாக்கெடுக்கும் முறை வந்தது. 1996இல், 'ஒதுங்கி நிற்பது நடக்கிற காரியம் இல்லை' என்று மீண்டும் தலையிடத் தொடங்கினார்கள். யாரோ ஒருவர் தீர்ப்புச் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

எங்கட பக்கத்தில் அந்தத் தீர்ப்பு இன்னும் சிக்கலானது. பொலிஸ் பாத்திரம் ஒன்று ரோட்டில் சோதனைச் சாவடி போடுகிறது. காரை மறித்து, ஐசி கேட்கிறது. இங்க ஐசி என்றால் அடையாள அட்டை. பிறகு 'எந்த ஊர்?', 'ஏன் இந்த நேரத்தில வாறாய்?', 'இறங்கு' என்று போகிறது. காருக்குள் இருந்தவர் பேசாமல் நிற்கிறார், இரண்டு நிமிசத்தில் சேர்வரை விட்டே வெளியேறிவிடுகிறார். விதிப்புத்தகத்தின்படி இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்த அட்மின் கிளிப்பைப் பார்த்தால் 'நல்ல ரோல்பிளே, எதுக்கு முறைப்பாடு?' என்றுதான் கேட்பார். கேட்டார். அந்தக் கேள்விகள் எங்கட வீடுகளில் என்ன நினைவைக் கிளப்பும் என்று தெரிந்தவர் கிளிப்பை இன்னொரு மாதிரிப் பார்ப்பார். பொலிஸாக நடித்த பெடியனுக்கும் அது தெரியாமல் இருக்கலாம், அவனுக்கு வயது பதினாறு. நாங்கள் செய்தது தடை போடுவது இல்லை. இரண்டு பேரையும் தனித்தனியாக ஓஓசியில் கூப்பிட்டுக் கதைத்தோம். எந்தக் காட்சியையும் யாரும் காரணம் சொல்லாமல் நிறுத்தச் சொல்லலாம், நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்று ஒரு விதியை எழுதிச் சேர்த்தோம்.

சாதியும் இப்படித்தான் வரும். 'ஊரில எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?' என்ற கேள்வியில் கெட்ட சொல் ஒன்றும் இல்லை, தானியங்கி வடிகட்டி அதைப் பிடிக்காது. மலையகத்திலிருந்து விளையாட வாற ஆளைத் 'தோட்டக்காட்டான்' என்று கூப்பிடுவதை 'ஜோக்' என்று சொல்லித் தப்பப் பார்ப்பார்கள். அதை ஆங்கில எழுத்தில், ஐந்து விதமாக எழுத்துக்கூட்டி எழுதினால் எந்த வடிகட்டிக்கும் விளங்காது. மொழி தெரியாத மேற்பார்வை என்ன செய்யும் என்பதை இந்த நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2018 மார்ச்சில் திகன, கண்டிப் பக்கம் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோது பேஸ்புக்கில் வெறுப்புப் பதிவுகள் ஓடிக்கொண்டிருந்தன. தன் தளம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டதற்கு அந்த நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020 மேயில். ஒரு கேம் சேர்வரை அதோடு ஒப்பிடுவது கூடத்தான், தெரியும். ஆனால் 'உள்ளூர் மொழி தெரிந்த ஆள் வேணும்' என்பது இரண்டு இடத்துக்கும் பொருந்தும். அந்த ஆள் நாங்கள்தான். இதனால்தான் 'எங்களுக்கென்ன' என்று விட்டுவிட்டுப் போகச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

சரி, இப்ப காசுக்கு வருவோம்.

1997இல் வந்த அல்டிமா ஒன்லைனில் 'கவுன்சிலர்' என்று தொண்டர்கள் இருந்தார்கள். புதியவர்களுக்கு வழி காட்டுவது, சிக்கல்களைத் தீர்ப்பது அவர்களது வேலை. 2000இல் முன்னாள் கவுன்சிலர்கள் சிலர், 'நாங்கள் செய்தது தொண்டு இல்லை, வேலை. குறைந்தபட்சச் சம்பளம் தாருங்கள்' என்று கேம் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். அதுக்கு ஒரு வருடம் முதல் ஏஓஎல் தொண்டர்கள் இதே மாதிரி வழக்குத் தொடுத்திருந்தார்கள். சட் அறைகளைப் பார்த்துக்கொண்ட அந்த ஆக்களுக்குப் பயிற்சி இருந்தது, நேர அட்டவணை இருந்தது, ஒவ்வொரு முறையும் அறிக்கை எழுதிக் குடுக்க வேண்டும். பதிலுக்கு இலவச இணையக் கணக்கு. அந்த வழக்கு 2010இல் 15 மில்லியன் டொலர் இணக்கத்தோடு முடிந்தது. அட்டவணையும் அறிக்கையும் இலவசச் சலுகையும் என்ற அந்த அமைப்பை இன்றைக்கு எங்கட சேர்வர்களில் அப்படியே பார்க்கலாம்: 'வாரத்துக்குப் பத்து மணித்தியாலம் கட்டாயம், குறைந்தால் ஸ்டாஃபில் இருந்து நீக்கம், நின்றால் ஒரு விஐபி கார் இலவசம்.'

ரெடிட்டைப் பற்றி 2022இல் வந்த ஆய்வு ஒன்று, அங்குள்ள தொண்டர் மொடரேற்றர்கள் செய்கிற வேலைக்குக் காசு குடுப்பதென்றால் வருடத்துக்கு ஆகக்குறைந்தது 3.4 மில்லியன் டொலர் வேண்டும் என்று கணக்கிட்டது. அடுத்த வருடம் ஜூனில் 8,000க்கும் மேற்பட்ட குழுக்களை அவர்கள் எதிர்ப்பாக மூடினார்கள். திறக்காவிட்டால் உங்களுக்குப் பதிலாக வேறு ஆள் போடுவோம் என்ற தொனியில் கம்பனியிடமிருந்து செய்தி போனது. வருடக்கணக்காக ஒரு இடத்தைக் கட்டி எழுப்பினாலும் திறப்பு எங்களிடம் இல்லை.

'பொழுதுபோக்குக்குச் செய்யிறதுக்கு ஏன் தொழிற்சங்கம் கதைக்கிறீங்கள்?' என்று எங்கட குழுவுக்குள்ளேயே ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஊரில் சனசமூக நிலையத்திலும் சம்பளம் வாங்கித்தானா வேலை செய்கிறோம்? பத்திரிகை அடுக்குகிறோம், விளையாட்டுப் போட்டி நடத்துகிறோம், பந்தல் போடுகிறோம். ஆனால் அங்கே வருடாந்தப் பொதுக்கூட்டம் இருக்கிறது. தலைவரும் செயலாளரும் பொருளாளரும் ஆக்கள் தெரிந்தெடுத்து வருகிறவர்கள். பொருளாளர் கணக்கறிக்கை வாசிக்க வேண்டும், அன்றைக்குக் கடைசி வாங்கில் இருந்து யாராவது ஒரு ஐயா எழும்பி 'அந்தக் கதிரை வாங்கின காசு எங்க?' என்று கேட்பார். ரோல்பிளே சேர்வரில் கடைசி வாங்கே இல்லை. நன்கொடை என்ற பெயரில் மாதா மாதம் எவ்வளவு வருகிறது, ஹோஸ்டிங்குக்கு எவ்வளவு போகிறது, மிச்சம் என்ன என்று உரிமையாளரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கேட்டால், 'நாங்க எல்லாரும் ஒரு குடும்பம் தானே மச்சான்.'

குடும்பத்தில் காசு குடுக்கிற பிள்ளைக்குத் தனிச் சலுகை. எங்களில் ஒருவர் வேலை செய்த சேர்வரில், பெண் குரலில் கதைக்கிற எல்லாரையும் பின்தொடர்ந்து தொல்லை குடுத்த ஒரு ஆளுக்கு ஆதாரத்தோடு நிரந்தரத் தடை போட்டோம். அடுத்த நாள் பின்னேரம் அந்த ஆள் திரும்பி வந்து நிற்கிறார். பெரிய தொகை நன்கொடை குடுத்தவராம். முறைப்பாடு செய்த இரண்டு பெண் பிள்ளைகளும் அதோடு போனவர்கள்தான். சம்பளம் இல்லாததைவிட எங்களைச் சுட்டது இதுதான். பழியும் பொறுப்பும் மொடரேற்றருக்கு, கடைசி முடிவு இன்னொருவருக்கு.

இன்னொன்று, சாமத்தில் வருகிற செய்திகள். ஏஎல் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை ஒருவர் மொடரேற்றராக இருக்கிறார் என்று வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரு ஆள் 'இனி வாழ விருப்பமில்லை' என்று தனிச் செய்தி போடுகிறார். அல்லது பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் வளர்ந்த ஆள் ஒருவர் படம் கேட்ட ஸ்கிரீன்ஷொட் வருகிறது. சம்பளமும் மேற்பார்வையும் இருந்த பேஸ்புக் மொடரேற்றர்களே மனநலப் பாதிப்புக்கு வழக்குப் போட்டு, 2020இல் அமெரிக்காவில் 52 மில்லியன் டொலர் இணக்கத்துக்கு அந்தக் கம்பனி உடன்பட வேண்டி வந்தது. எங்கட பிள்ளைக்கு இருப்பது ஒரு பச்சை நிறப் பெயர் மட்டும். அதனால் இதை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: சிறுவர் சம்பந்தப்பட்டது எதையும் நீங்கள் 'விசாரிக்க' வேண்டாம். படங்களைச் சேமித்து வைக்கவோ குழுவுக்குள் அனுப்பிக் கருத்துக் கேட்கவோ வேண்டாம். 1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், அங்கே போகவேண்டிய விஷயம் அது. உயிர் பற்றிய செய்தி வந்தால் தனியாகக் கையாள வேண்டாம், ஒரு வளர்ந்த ஆளை எழுப்புங்கள், அது உங்கட அம்மாவாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்ப என்ன கேட்க வேண்டும்? எங்கட குழு இருந்து யோசித்ததில் சில விஷயங்கள் வந்தன. விதிகள் தமிழிலும் எழுத்தில் இருக்க வேண்டும். பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு முறைப்பாடு பார்க்கிற வேலை குடுக்கக்கூடாது. புதுசாக வாற ஆக்களுக்கு வழி காட்டுவதை அவர்கள் நல்லாச் செய்வார்கள், அதைக் குடுக்கலாம். தடை ஒன்றை மேலிடம் நீக்கினால் காரணத்தை ஸ்டாஃப் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் நன்கொடைக் கணக்கைப் போட வேண்டும், மிச்சம் வந்தால் அதில் ஸ்டாஃபுக்கு டேட்டாக் காசாவது குடுக்க வேண்டும். சோதனைக் காலத்தில் விலகி நின்றால் பதவி போகாது என்று உறுதி வேண்டும். இதில் ஒன்றுகூட ஒரு சேர்வரை மூடவைக்கிற அளவுக்குப் பெரிய கோரிக்கை இல்லை.

இதில் டேட்டாக் காசு பற்றி எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. காசு வந்தால் உரிமையாளர் முதலாளி ஆகிவிடுவார், பிறகு எதிர்த்துக் கதைக்க ஏலாது என்று ஒரு பக்கம். இப்பவும்தான் கதைக்க ஏலாமல் இருக்கு, காசாவது வரட்டும் என்று மற்றப் பக்கம். வாசிக்கிறவர்களில் இந்த வேலை செய்கிறவர்கள் இருந்தால் உங்கட அபிப்பிராயத்தை எழுதுங்கள், அடுத்த சந்திப்பில் எடுத்துக் கதைப்போம்.

மற்றக் கோரிக்கைகளை ஒரு பக்கத்தில் எழுதி, நாங்கள் நிற்கிற இரண்டு சேர்வர்களின் உரிமையாளர்களுக்கும் அனுப்பியிருக்கிறோம். ஒருவர் விதிகளைத் தமிழில் போடச் சம்மதித்து, மொழிபெயர்ப்பையும் எங்களிடமே தந்துவிட்டார், சம்பளமில்லாமல்தான். மற்றவர் செய்தியைப் பார்த்துவிட்டார் என்று தெரிகிறது. பதில் இன்னும் வரவில்லை.