புது அணை எதற்கு?

நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்குப் பிழைக்க வந்தவர்களுக்குப் பாபநாசத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1944 முதல் தாமிரபரணித் தண்ணீர் அங்கே மின்சாரம் தருகிறது. 28 மெகாவாட்டாக இருந்த நிலையம், பழைய யந்திரங்களைப் புதுப்பித்ததால் 32 மெகாவாட் ஆயிற்று. அணையும் அதே, ஆறும் அதே. தேய்ந்த டர்பைன் சக்கரத்தை மாற்றினால், அதே தண்ணீர் கூடுதலாக உழைக்கும்.

மும்பையின் ஆலைகள் 1915-ல் தொடங்கிய கோபோலி மின்சாரத்தில் ஓடியவை. அடுத்து முல்ஷியில் அணை கட்டியபோது, நிலம் பறிபோன உழவர்கள் 1921-ல் சேனாபதி பாபட் தலைமையில் போராடினார்கள். ஆனாலும் அணை எழுந்தது, ஊர்கள் மூழ்கின.

ஊரை விட்டு வந்த வேதனை நமக்குத் தெரியும். மின்சாரம் வேண்டியதுதான். ஆனால் புது அணைக்காக இன்னொரு ஊரைக் காலி செய்யுமுன், இருக்கிற பழைய நிலையங்களைப் புதுப்பித்தாயிற்றா? அரசுகள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.