கொஞ்சம் கசிவு இருந்துட்டுப் போகட்டுமே

ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசின ஒலிப்பதிவைத் தனித்தனிக் குரலாப் பிரிச்சுத் தர்ற மென்பொருள் இப்ப நிறையவே கிடைக்குது. "அடுத்தவர் குரல் துளிகூட மிச்சம் இருக்காது"ங்கறதுதான் பெரும்பாலும் அவங்க பெருமை. எனக்கு அந்தத் துளி வேணும்கறேன். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் டெக்னிகல் ஜல்லி இருக்கும், பொறுத்துக்குங்க மக்களே.

1953-ல காலின் செர்ரி இதுக்கு 'காக்டெயில் பார்ட்டி' பிரச்சினைன்னு பேர் வெச்சார். (நம்ம ஊர் ஆளா இருந்தா கல்யாணப் பந்தின்னு வெச்சிருப்பார்.) பந்தியில அத்தனை சத்தத்துலயும் "இங்க சாம்பார்"னு யாரோ கூப்பிடறது பரிமாறுறவர் காதுல விழுந்துடுது. மெஷினுக்கு அது பெரும்பாடு. 90-கள்ல ஐ.சி.ஏ.ங்கற கணக்கு பிரபலமாச்சு. ரெண்டு ஆள், ரெண்டு மைக். இவர் பேச்சுக்கும் அவர் பேச்சுக்கும் சம்பந்தமில்லைங்கற ஒரே நம்பிக்கையை வெச்சு கலவையைப் பிரிக்கிறது.

பேப்பர்ல அழகாப் பிரியும். ரூமுக்குள்ள வந்தாத்தான் வம்பு. குரல் மைக்குக்கு நேரா மட்டும் வர்றதில்லை, சுவர், மேஜை, கூரைன்னு முட்டிட்டும் வருது. எதிரொலி அடங்க கால் செகண்டுன்னு வெச்சுக்குங்க. செகண்டுக்கு 16,000 புள்ளி எடுக்கற பதிவுல அது 4,000 புள்ளி. பிரிக்கற கணக்கு ஒரு தடவைக்கு 1,024 புள்ளியைப் பார்க்குதுன்னா, அதுக்கப்புறம் வர்ற வால் அடுத்தவர் பக்கம் கசிஞ்சுதான் தீரும். துண்டை நீளமாக்கினா என்னன்னு கேப்பீங்க. நீளமாக்கினா துண்டோட எண்ணிக்கை குறையும், புள்ளியியல் ஆட்டம் கண்டுடும். ஆக இந்த மிச்சம் யாரோ சோம்பேறித்தனமா விட்டதில்லை, ரூமோட குணம்.

அந்த வாலை நறுக்கத்தான் ரெண்டாவது கட்டம். பிரிச்செடுத்த ரெண்டாவது குரலையே அளவுகோலா வெச்சுக்கிட்டு, முதல் குரல்ல அது கசிஞ்ச இடத்தையெல்லாம் கழிக்கறது. 1979-ல ஸ்டீவன் போல் இரைச்சலைக் குறைக்க எழுதின 'ஸ்பெக்ட்ரல் சப்ட்ராக்‌ஷன்' வழிதான் இதுக்கெல்லாம் முன்னோடி. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே அதிர்வெண்ல பேசற இடத்துல கத்தி ரெண்டு பேரையும் வெட்டும். தப்பிச்ச துணுக்குங்க 'டிங் டிங்'னு தண்ணிக்குள்ள மணி அடிக்கற மாதிரி கேக்கும். இதுக்கு 'மியூசிகல் நாய்ஸ்'னு பேராம். சங்கீதத்துக்கு வந்த சோதனை :-)

சத்தம் அசிங்கமா இருந்தாக்கூட பரவாயில்லைங்க. அர்த்தம் மாறுதே! "போனான்"னு எழுதறோம். பேச்சுல கடைசி 'ன்' முழுசா வர்றதில்லை, 'ஆ'வை மூக்கால முடிச்சுடறோம். "போனாள்" பேச்சுல "போனா". அவனுக்கும் அவளுக்கும் நடுவுல நிக்கறது ஒரே ஒரு மூக்கொலி. அதுவும் வாக்கியத்தோட கடைசியில, குரல் இறங்கற இடத்துல. எதிராளி குறுக்கப் பாயறதும் அங்கதான், கழிக்கற கணக்கு கைவைக்கறதும் அங்கதான்.

எங்க ஆச்சியும் அவங்க தங்கச்சியும் போட்டி போட்டுக்கிட்டுப் பேசின பழைய கேசட் ஒண்ணு இருக்கு. மச்சினன் சுத்தம் பண்ணித் தந்தான். பளிங்கு மாதிரி. அதுல ஆச்சி "வயலை வித்துட்டுப் போனா"ங்கறாங்க. இத்தனை வருஷமா பெரிய தாத்தாதான் வித்தார்னு நினைச்சிருந்த வீடு, ஒரு ஞாயித்துக்கிழமை பூரா பெரிய பாட்டியைத் திட்டித் தீர்த்துச்சு. கசிவோட இருந்த அசலைப் போட்டுக் கேட்டா மூக்கொலி இருக்கு, பின்னாடி சின்ன ஆச்சி இருமறதும் இருக்கு. எங்க வீட்டுல இது சிரிப்போட போச்சு. கோர்ட்டுக்குப் போற பதிவுல?

இப்ப நியூரல் நெட்வொர்க் வந்து ஒரே மைக்லயே பிரிக்குது. 2019-ல வந்த கான்வ்-டாஸ்நெட் 15.3 டெசிபல் முன்னேற்றம் காட்டினது நிஜமாவே பெரிய சாதனை. ஆனா அந்தப் பரீட்சை, வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தியை நிதானமா வாசிச்ச பதிவுகளைக் கம்ப்யூட்டர்ல கலந்தது. எதிரொலி கிடையாது, இருமல் கிடையாது. காபிக்கடைச் சத்தம் சேர்த்த பரீட்சை 2019-லயும், எதிரொலியும் சேர்த்தது 2020-லயும் வந்துச்சு.

மார்க் போடற முறையில தப்பில்லை. வின்சென்ட், கிரிபோன்வால், ஃபெவோட் மூணு பேரும் 2006-லயே கசிவுக்குத் தனி மார்க், மென்பொருள் தானா உண்டாக்கின சத்தத்துக்குத் தனி மார்க்னு பிரிச்சுக் குடுத்துட்டாங்க. வெறித்தனமா நறுக்கினா முதல் மார்க் ஏறும், ரெண்டாவது இறங்கும். முதலை மட்டும் காட்டறது, பையன் கணக்குல நூறு வாங்கினதைச் சொல்லிட்டுத் தமிழ்ல ஃபெயிலானதை மறைக்கற மாதிரி.

மருந்தும் பழசுதான். 1979-லயே பெரூட்டியும் கூட்டாளிகளும், பூஜ்யம் வரைக்கும் கழிக்காதே, அடியில ஒரு தளம் விடுன்னு எழுதிட்டாங்க. அந்தத் தளம் 'டிங் டிங்'கையும் மூடிடும். லேசாக் கேக்கற மிச்சத்தைக் காது தானே ஒதுக்கிக்கும். வெட்டினதை அதால ஒட்டவைக்க முடியாது. வெட்டின இடத்துல மூளை தனக்குத் தெரிஞ்ச வார்த்தையைப் போட்டு நிரப்பிக்கும், எங்க வீட்டுல நடந்தது அதேதான்.

ஆபீஸ் மீட்டிங்னா தாராளமா நறுக்குங்க, அதுல போனவன் யாரா இருந்தா என்ன. பாட்டி பேசினது, சாட்சி சொன்னதுன்னா, எவ்வளவு கழிக்கணும்கற திருகாணியைக் கேக்கறவர் கையில குடுங்க. அசலையும் கூடவே வெச்சுத் தாங்க.