மஞ்சளைப் பிரட்டினால் பிலாவ் ஆகாது

வியா மக்வேதாவில ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில நிக்கிறன். முதல்நாள் மிஞ்சின சோத்தை மஞ்சளும் பட்டரும் போட்டுப் பிரட்டி, "பிலாவ்" எண்டு விக்க எங்கட ஆக்களும் பழகிட்டினம். கேட்டால், "வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியப்போகுது அண்ணை?" எண்டுறாங்கள்.

அவிஞ்ச சோத்தில மசாலா வெளியிலதான் நிக்கும். பிலாவெண்டால் அரிசியே அளந்து விட்ட இறைச்சிச்சாறைக் குடிச்சு, மூடின சட்டிக்குள்ள அவியவேணும். பருக்கை பருக்கையா நிக்கவேணும். துருக்கியர் அரிசியை முதல் பட்டரில வறுப்பினம். உஸ்பெக்காரர் வறுக்கிறேல்லை, இறைச்சி, வெங்காயம், கரட்டை வதக்கி, மேல அரிசியைப் பரவி, கிண்டாமல் விடுவினம். அதை 2016இல யுனெஸ்கோ தன்ர பட்டியலில சேர்த்தது. ஈரானியர் எங்கட புரியாணி மாதிரி அரைவேக்காட்டில வடிச்சு, பிறகு ஆவியில விடுவினம். அது அவையின்ர தனிவழி. ஆனால் ஒருத்தரும் பழஞ்சோத்தில தொடங்கிறேல்லை! ரிசொத்தோ வேற சாதி: சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கிண்டிக் குழைய வைக்கிறது.

வெள்ளைக்காரனுக்குத் தெரியாதாமோ? பலெர்மோச் சனம் டிசம்பர் 13, சாந்தா லூச்சியா அண்டைக்குப் பாணை விட்டிட்டு, அரஞ்சினா எண்ட பொரிச்ச சோத்துருண்டை தின்னுற சனம். சோறு பழசெண்டால் முதல் கடியிலயே பிடிச்சிடுவினம்.

மிஞ்சின சோத்தை பிறைட் றைஸ் எண்டு எழுதி, விலையைக் குறைச்சு விக்கலாமே? அதுவும் நல்ல சாப்பாடுதானே.